‘அ’ சுவரில் தொடங்கிய வீடு

"ஊரில ஒரு காணி சும்மா கிடக்குது. அதில ஒரு கொட்டில்கூடப் போடேல்ல. நீ இஞ்ச பனிக்குள்ள மரப்பெட்டி அடிக்கப் போறியோ?"

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒஸ்லோவில் எங்கள் குசினி மேசையில் இருந்து அப்பா கேட்ட கேள்வி இது. அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டா. என்னிடமும் பதில் இருக்கவில்லை. இந்தக் கட்டுரையை வாசிக்கிற பலரின் வீட்டிலும் இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வந்திருக்கும். இங்கே ஒரு வீடு வாங்கும்போது, அதைப் பெருப்பிக்கும்போது, பிள்ளைகளின் பெயரில் ஏதாவது எழுதும்போது, "அப்ப ஊரில இருக்கிறது?" என்று ஒரு குரல் கட்டாயம் கேட்கும்.

அப்பா மயிலிட்டி. 1980களின் கடைசியில் நோர்வேக்கு வந்து, வடக்கே பின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினார். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகுதான் திரும்பத் தலைகாட்டுகிற இடம் அது. கடலோடு பிறந்த மனிதருக்குக் கடல் புதிதில்லை, குளிர்தான் புதிது. "குளிர் எண்டால் எனக்குச் சம்பளம்" என்று இப்போதும் சொல்வார். அந்தக் குளிருக்குள் காசைக் கொடுத்து மனிசர் ஏன் போய் இருக்கினம் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்காத விசயம்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது ஞாபகம் இருக்கிறது. 1993இல் அப்பாவிடம் வந்து சேர்ந்தோம். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில் விடப்பட்டது, இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு. அடுத்த வருசம் அப்பாவோடு போனேன். கிணறு இருந்தது. பற்றைக்குள்ளே அத்திவாரம் இருந்தது. வீடு இல்லை. அப்பா ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்கு அடி எண்ணி நடந்தார். திரும்பி வந்து, "பிழையில்ல, இதுதான்" என்றார். அவ்வளவுதான் கதைத்தார்.

அங்கே திரும்பவும் கட்டுவது என்று அன்றைக்கு முடிவெடுத்தோம். அதற்குப் பிறகு ஆறு வருசமாக அந்த முடிவு முடிவாகவே இருக்கிறது. யார் போய் நிற்பது, யார் மேற்பார்வை, கட்டினால் யார் இருப்பது என்று வருசா வருசம் கதைப்போம், அடுத்த வருசத்துக்குத் தள்ளுவோம்.

திங்கட்கிழமை மேசை

நோர்வேயில் வசிப்பவர்களுக்கு ‘ஹுத்தே’ என்றால் விளக்கத் தேவையில்லை. மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மலையிலோ காட்டிலோ கடற்கரையிலோ இருக்கிற சின்ன விடுமுறை வீடு. ஐம்பத்தைந்து இலட்சம் பேர் இருக்கிற நாட்டில் இப்படியானவை 4 இலட்சத்துக்கும் மேல். ஈஸ்டர் வந்தால் நகரம் வெறிச்சோடிப் போகும், எல்லாரும் ஹுத்தேயில்.

நான் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். திங்கட்கிழமை மத்தியானம் ஆசிரியர் அறையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் கதை ஹுத்தேயில்தான் தொடங்கும். எவ்வளவு பனி, விறகு எரிந்ததா, கூரையில் ஏறிப் பனி தள்ளினாயா. முழுவதும் விளங்குகிற மொழியில், ஒரு சொல்லும் எனக்குச் சம்பந்தம் இல்லாமல் நடக்கிற கதை. இருபது வருசம் அந்த மேசையில் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. சொல்லுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அதற்காகத்தான் கட்டினேன் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. ஆனால் தொடக்கம் அதுதான். பிறகு என் மகளால் அது வேறு விதமாக மாறியது. அவளுக்கு அப்போது பதினாறு வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்து முடித்தவள். தமிழ் வாசிப்பாள், எழுதுவாள், ஆனால் எங்களோடு நோர்வேஜிய மொழியில்தான் கதைப்பாள். "தமிழில என்ன செய்யிறது அப்பா? சோதினை எழுதுறது மட்டும்தானே?" என்று ஒருமுறை கேட்டாள். அதற்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை.

வீடும் இடம்பெயரும்

ஓஸ்தர்டாலன் பள்ளத்தாக்கில் ஒரு துண்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்தோம். புதுவீட்டுக்கு விலை விசாரித்தபோது மூச்சு முட்டியது. அப்போதுதான் மரவேலை செய்கிற ஒரு முதியவர் ஒரு வழி சொன்னார். எங்கள் வீட்டில் அவரை ‘ஆசான்’ என்றே சொல்லுவோம், அப்படியே இங்கேயும் எழுதுகிறேன். பக்கத்துப் பண்ணையில் ஒரு பழைய மரக்குற்றி வீடு இருக்கிறது, களஞ்சியமாகப் பாவித்தது. பண்ணைக்காரருக்கு அது தேவையில்லை. "கழற்றிக்கொண்டு போங்கோ" என்கிறார்.

வீட்டைக் கழற்றுவதா?

இந்த நாட்டில் அது புதினம் இல்லை. முழு மரக்குற்றிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, மூலைகளில் வெட்டுக் கொடுத்து ஒன்றையொன்று கவ்வப் பண்ணி எழுப்புகிற முறையை இங்கே ‘லாப்ட்’ என்பார்கள். சுவருக்கு இரும்பு ஆணி இல்லை. குற்றிக்கும் குற்றிக்கும் இடையே மர ஆணி, காற்றுப் புகாமல் பாசி. ஆணி இல்லாததால் மேலே இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றலாம். எந்தக் குற்றி எங்கே இருந்தது என்று தெரிந்தால் வேறோர் இடத்தில் அப்படியே பூட்டலாம். அந்தக் காலத்தில் வீட்டை விற்றால் வாங்கியவர் அதைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போவார். ஒஸ்லோ பிக்டோய் நாட்டார் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு போயிருப்பீர்கள். அங்கே நிற்கிற கட்டடங்களில் பெரும்பாலானவை நாட்டின் மற்ற மூலைகளில் இருந்து கழற்றிக் கொண்டுவந்து பூட்டியவை. கோல் என்ற ஊரின் மரத் தேவாலயம் சுமார் 1200ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது. 1880களில் அதுவும் இடம்பெயர்ந்து அங்கே வந்தது.

இதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை. வீடு என்றால் மண்ணோடு ஒட்டியது, விட்டுவிட்டு ஓடினால் போனதுதான் என்றே நான் வளர்ந்தேன். கழற்றிக்கொண்டு போகிற வீடு என்று ஒன்று இருக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகஸ்ட் முதல் கிழமை கழற்றினோம். நீளம் ஆறு மீற்றர், அகலம் ஐந்து. சுவருக்குப் பத்து வரிசை, பிறகு கூரைக்குக் கீழே முக்கோணமாக ஏறுகிற பகுதி, கூரை வளைகள். வாசல் யன்னலால் துண்டானவையும் சேர்த்து 60க்கு மேற்பட்ட துண்டுகள். ஆறு மீற்றர்க் குற்றி ஒன்று நூறு கிலோவுக்குக் கிட்ட இருக்கும். வடக்குப் பக்கத்தில் அடி வரிசைகள் இரண்டும் உக்கிப் போயிருந்தன. ஆசான் கத்தியை வைத்து அழுத்தினார், மாவுக்குள் போவது மாதிரிப் போனது. "இதை வைத்துக்கொண்டு மேலே எதைச் செய்தாலும் வீண்" என்று சொல்லி ஒதுக்கிப் போட்டார். அவற்றின் இடத்துக்குப் பைன் மரத்தின் வைரப் பகுதியில் புதுக் குற்றிகள் வெட்டினோம். மற்றதெல்லாம் பழையது, இரும்பு மாதிரி இருந்தது.

அப்பா சொன்ன அடையாளம்

குற்றிகளுக்கு அடையாளம் போடும்போதுதான் சிக்கல் வந்தது. வழமையில் நான்கு சுவருக்கும் நான்கு எழுத்து, வரிசைக்கு ஓர் இலக்கம். ஆனால் இந்த வீடு ஏற்கெனவே ஒருமுறை இடம்பெயர்ந்திருக்கிறது! மூலை வெட்டுகளுக்குள் பழைய தச்சர்கள் உளியால் கீறிய கோடுகள். அதற்கு மேல் பிறகு யாரோ சிவப்பு மையால் எழுதிய ரோம எழுத்துகளும் இலக்கங்களும். நாங்களும் அதே எழுத்துகளைப் போட்டால் எது பழசு எது புதுசு என்று தெரியாது.

அன்றிரவு வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தபோது இதைச் சொன்னேன். அப்பா அலட்சியமாகச் சொன்னார்: "அப்ப தமிழில எழுதுங்கோவன். அந்த எழுத்து அங்க ஆரும் எழுதியிருக்க மாட்டினம்."

அடுத்த நாள் காலை மகள் மெழுகுக் கட்டியை எடுத்துக்கொண்டு தொடங்கினாள். வடக்குச் சுவர் அ, கிழக்கு ஆ, தெற்கு இ, மேற்கு ஈ. அ1, அ2, அ3. ஆசானுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவருக்கு ‘இ’ பிடித்துக்கொண்டது, ‘ஈ’ எழுதும்போது சுழித்துச் சுழித்துப் பார்ப்பார். மூன்றாம் நாள் ஏணியில் நின்றுகொண்டு "ஆ நாலு!" என்று கத்தினார். நோர்வேக் கிழவர் ஒருவர் காட்டுக்குள் நின்று தமிழில் மரம் கேட்கிறார். மகள் சிரித்தாள், பிறகு தானும் "இந்தாங்கோ ஆ நாலு" என்று தமிழிலேயே சொன்னாள்.

அதிலிருந்து அந்த இடத்தில் வேலை தமிழில் நடக்கத் தொடங்கியது. பிடி, தூக்கு, விடு, மெதுவா, உன்ர பக்கம் பதி, என்ர பக்கம் உயர்த்து. குற்றியைத் தூக்கும்போது நீண்ட வசனம் சரிவராது, சின்னச் சொல் வேண்டும். அதற்குத் தமிழ் நல்ல வசதி. தமிழில என்ன செய்யிறது என்று கேட்ட பிள்ளைக்கு நான் கொடுக்காத பதில் அங்கே தானாகவே வந்தது.

ஏன் பனிக்குள்?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்டார்கள். கோடையில் கட்டியிருக்கத்தான் வேண்டும். கட்டட அனுமதி கைக்கு வர ஆகஸ்ட் கடைசி ஆகிவிட்டது. செப்டெம்பரில் அத்திவாரம் மட்டும் முடித்தோம். இங்கே அத்திவாரத்துக்கு எதிரி பாரம் இல்லை, தண்ணீர். மண்ணுக்குள் நிற்கிற ஈரம் உறைந்து பெருத்தால் தூணையே மேலே தள்ளிவிடும். அதனால் ஈரமண்ணை அகற்றி, தண்ணீர் வடியச் சரளை போட்டு, உறைபனி இறங்காமல் காப்புத் தகடு விரித்து, அதன்மேல் தூண்கள். பாசியும் அந்த மாதத்திலேயே காட்டில் பொறுக்கிச் சாக்கில் நிரப்பினோம்.

குளிர்காலத்தில் ஒரு நன்மையும் இருந்தது. எங்கள் காணிக்கும் தெருவுக்கும் இடையே சேற்று நிலம். கோடையில் அதால் பாரம் கொண்டுபோக ஏலாது. பனி விழுந்து நிலம் இறுகினால் அதுவே பாதை. பழைய காலத்தில் காட்டு மரம் எல்லாம் குதிரை வண்டிலில் பனிமேல்தான் இறங்கியது. இப்போது குதிரைக்குப் பதில் பனி வண்டி. ஆனால் நினைத்தபடி ஓட ஏலாது. காட்டுவெளியில் இயந்திர வண்டி ஓட்டுவதை 1977ஆம் ஆண்டுச் சட்டம் இறுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது. அனுமதி உள்ள பண்ணைக்காரர் ஒருவரைப் பிடித்து, நவம்பர் கடைசியில் இரண்டு நாளில் எல்லாவற்றையும் இழுத்தோம்.

டிசெம்பரில் அங்கே வெளிச்சம் ஐந்தரை மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான். வெள்ளி இரவு போய், சனி காலை முதல் வேலை பனி அள்ளுவது. சுவரின்மேல் பிளாஸ்ரிக் படங்கு போட்டிருந்தாலும் ஓரத்தால் புகுந்துவிடும். ஒரு குற்றியை வைப்பதற்கு முன் கீழே இருப்பதன் மேற்பரப்பைத் தும்புத்தடியால் கூட்டி, ஒட்டியிருக்கிற ஐஸைச் சுரண்டி, பிறகுதான் பாசி பரப்பலாம். ஐஸை உள்ளே விட்டு மூடினால் வெயிலுக்கு உருகி அந்த இடம் உக்கும். பாசிச் சாக்கை இரவில் காருக்குள் வைத்திருந்தோம். பற்றரிகளை ஜக்கெற்றுக்குள் நெஞ்சோடு வைத்திருந்தோம், வெளியே வைத்தால் பத்து நிமிசத்தில் செத்துவிடும். கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டும். இதெல்லாம் சொல்லித் தெரியாது, ஒருமுறை செய்துதான் தெரியும்.

பிழையும் விட்டேன், சின்னப் பிழை இல்லை. தெற்குச் சுவரில் இ6 சரியாக இருக்கவில்லை. மூலையில் இரண்டு விரல் இடைவெளி. ஐஸ்தான் என்று நினைத்து மரச் சுத்தியலால் அடித்து, மேலே இன்னும் மூன்று வரிசை ஏற்றிவிட்டேன். ஆசான் வந்து பார்த்துவிட்டு, குற்றியின் முனைக்குக் குனிந்து தலையைக் கீழாகத் திருப்பி வாசித்தார். அது இ9. அடுக்கியபோது கவிழ்ந்து கிடந்த குற்றி, நான் தலைகீழாக வாசித்திருக்கிறேன். "நீ கணித வாத்தியார்தானே?" என்று மட்டும் கேட்டார். மூன்று வரிசையும் இறக்கி ஏற்ற ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. மகள் மற்றச் சுவர்களிலும் 6, 9 எல்லாவற்றையும் அழித்துவிட்டு "ஆறு", "ஒன்பது" என்று எழுத்தில் எழுதினாள்.

நத்தாருக்குப் பிறகு நான்கு நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் பேருந்து ஓட்டுபவர், ஒருவர் வைத்தியசாலையில் வேலை, இரண்டு பேர் ஒரே கடையில். யாருக்கும் மரவேலை தெரியாது. நோர்வேக்காரர் இப்படிச் சேர்ந்து சம்பளம் இல்லாமல் செய்கிற வேலையை ‘டுக்னாட்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்கட ஊரில் வேலி அடைக்கிறதும் கூரை வேய்கிறதும் இதுதானே? ஒரு வீட்டுக் கூரைக்குக் கிடுகு கட்ட அயலெல்லாம் வரும், சாப்பாடு வீட்டுக்காரர் பொறுப்பு. நாங்கள் அதை மறந்துபோய், இங்கே வந்து இன்னொரு மொழியில் அந்தச் சொல்லைப் படித்திருக்கிறோம். இரண்டு மரங்களைச் சாய்த்துவைத்து, கயிறு போட்டு, ஒவ்வொரு குற்றியாக மேலே இழுத்தோம். மத்தியானம் சுடுதண்ணிப் போத்தலில் ஆட்டிறைச்சிக் குழம்பும், துணியில் சுற்றிய புட்டும். பனிக்குள் நின்று கையால் புட்டுச் சாப்பிட்டவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் நாங்கள் முதல் ஆட்களாக இருக்கலாம்.

2024 ஜனவரி முதல் கிழமை தென் நோர்வேயை உறைய வைத்த குளிரை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் பக்கம் பூச்சியத்துக்குக் கீழே முப்பதையும் தாண்டியது. ஆசான் வேலையை நிறுத்தச் சொன்னார். அந்தக் குளிரில் உறைந்த மரத்தில் கோடாலி போட்டால் விளிம்பு உடையும் என்றார். கூரை இன்னும் மூடவில்லை. பெரிய பனி வந்தால் சுவரெல்லாம் நனையும் என்று ஒரு கிழமை ஒஸ்லோவில் இருந்து வானிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "முகட்டு வளை ஏத்தியாச்சோ?" என்று கேட்டார். வேலையைப் பற்றி அவராகக் கேட்ட முதல் கேள்வி அது. இல்லை என்றேன். "அது ஏறாட்டில் வீடில்ல" என்றார்.

ஜனவரி நடுப்பகுதியில் முகட்டு வளை ஏறியது. பலகையும் அதன்மேல் தற்காலிகத் தாரும் போட்டு மூடினோம். இங்கத்தைய முறைப்படி கூரைக்குப் புல்மண் போட வேண்டும். அந்தப் பாரம் குற்றிகளை ஒன்றோடொன்று அழுத்தி இறுக்கும். ஆனால் உறைந்த மண்ணை வெட்ட ஏலாது, அது ஜூனில்.

வாசலுக்கு மேல் ஓர் இடைவெளி

பெப்ரவரி விடுமுறையில் உள்வேலை. நிலத்துக்குக் காப்புப் போட்டுப் பலகை அடித்தோம், யன்னல் பூட்டினோம். விறகடுப்பை உரிய தகுதி உள்ளவர் வந்து சரி பார்த்த பிறகே மூட்டலாம். முதல் நெருப்பைச் சின்னதாக மூட்டச் சொன்னார் ஆசான். கடுஞ்சூட்டில் மரம் அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும்.

இந்த முறையில் கட்டடம் தெரியாதவர்கள் விடுகிற பெரிய பிழை நிலையிலும் யன்னலிலும்தான். மரம் நீளவாட்டில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். குற்றிகள் படுத்திருப்பதால் சுவர் உயரம் குறையும். பாசியும் அமுங்கும். சில வருசத்துக்கு வீடு மெல்ல மெல்லக் கீழே இருக்கும். நிலைக்கு மேலே இடம் விடாவிட்டால் முழுச் சுவரின் பாரமும் நிலையில் விழும், கதவு திறபடாது. அதனால் நிலைக்கு மேலே நான்கு விரல் இடைவெளி விட்டு, அதற்குள் ஆட்டு மயிர்க் கம்பளியை அடைந்து, வெளியே ஒரு பலகையால் மறைப்பார்கள். அந்தப் பலகையை மேல் குற்றியில் மட்டும் அடிக்க வேண்டும், நிலையில் அடிக்கக் கூடாது. புகைபோக்கியையும் கூரையோடு இறுக்கக் கூடாது. கூரை இறங்கும், புகைபோக்கி இறங்காது.

ஈஸ்டருக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டன் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் பின்மார்க் காலத்துத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். எழுபத்தைந்து வயதில் பனிக்குள் அரைக் கிலோமீற்றர் நடந்தார். உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றவில்லை. ஒரு மூலைக்குப் போய் நின்று, மறு மூலைக்கு அடி எண்ணி நடந்தார். மயிலிட்டியில் நடந்தது மாதிரியேதான்.

"சின்னன்," என்றார். "எங்கட குசினியும் விறாந்தையும் சேர்ந்தால் இவ்வளவு வரும்."

பிறகு வாசலில் நின்று மேலே பார்த்தார். மறைப்புப் பலகை இன்னும் அடிக்கவில்லை. "இதென்ன, நிலைக்கு மேல ஓட்டை? அளவு பிழைச்சுப் போச்சோ?"

மகள்தான் விளங்கப்படுத்தினாள், தமிழில். "வீடு இன்னும் கீழ இருக்கும் அப்பப்பா. அதுக்கு இடம் விட்டிருக்கு. இல்லாட்டிக் கதவு இறுகிப் போடும்."

அப்பா கையை நீட்டி அந்த இடைவெளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியில் வந்து இருந்து, தொப்பியைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டார்.

சொல்ல வந்தது

இதை வாசித்துவிட்டு எல்லாரும் காட்டுக்குள் வீடு கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கு முடிந்த செலவு ஒரு புதுக் காரின் விலை. அது எல்லாருக்கும் ஏலாது. ஹுத்தேகள் மலையையும் மான் திரிகிற வெளியையும் தின்கின்றன என்று இந்த நாட்டிலேயே பெரிய விவாதம் நடக்கிறது, அதில் நியாயம் இருக்கிறது. உக்கிப் போக இருந்த ஒரு வீட்டைத் திருப்பி நிறுத்தினோம் என்பதுதான் என் சின்ன ஆறுதல்.

நான் சொல்ல வருவது வேறு. முப்பது வருசமாக நாங்கள் ‘வீடு’ என்ற சொல்லைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். ஊரில் கட்டுவதுதான் உண்மையான வீடு, அதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு, இங்கே இருப்பதைத் தங்குமிடமாகவே வைத்திருக்கிறோம். கடைசியில் அங்கேயும் கட்டவில்லை, இங்கேயும் குடியிருக்கவில்லை. மொழியையும் அப்படித்தான் செய்கிறோம். சனிக்கிழமை வெளியே எடுத்து, துடைத்து, திரும்ப வைக்கிறோம். பிறகு பிள்ளைகள் பேசவில்லை என்று கவலைப்படுகிறோம். வேலை இல்லாத மொழியைப் பிள்ளை ஏன் பேச வேண்டும்? என் மகளுக்குப் பன்னிரண்டு வருசத் தமிழ்ப் பள்ளி எழுத்தைக் கொடுத்தது, அதற்கு நன்றி. அந்த எழுத்துக்கு ஒரு வேலை கொடுத்தது நூறு கிலோ மரக்குற்றி.

ஊரை மறந்துவிடுவோம் என்ற பயத்தில் இங்கே எதையும் உறுதியாகச் செய்யாமல் இருக்கிறோம். எனக்கு நடந்தது மறுவளம். ஒரு வீட்டைக் கையால் பூட்டிய பிறகுதான் மயிலிட்டிக் கதை எங்கள் வீட்டில் முடிவாக இல்லாமல் வேலையாக மாறியது. அடி வரிசை உக்கியிருந்தால் அதை மாற்றாமல் மேலே கட்ட ஏலாது என்று இப்போது எனக்குத் தெரியும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது வீட்டுப் படம் இல்லை, கிணறும் காணி எல்லையும் பத்திரமும்தான்.

அன்றிரவு ஹுத்தேயில் எட்டுப் பேர் நித்திரை கொள்ளத் தயாரானோம். அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் கட்டில் கேட்டார். விளக்கை அணைக்க முன் மகளிடம், "எங்கட எழுத்து இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"உள்ளுக்க அப்பப்பா. வெட்டுக்குள்ள. வெளியால தெரியாது. ஆரும் திரும்பக் கழட்டினால்தான் தெரியும்."

"ம்." கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தார். பிறகு இருட்டுக்குள் இருந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஆடி விடுமுறைக்கு டிக்கெற் பார். கிணத்தை முதல் இறைக்க வேணும். இவளையும் கூட்டிக்கொண்டு போவம்."